கேக் வெட்ட வராதீங்க, கேரம் ஆட வாங்க

வாசகர் கேள்வி–பதில்

பதின்வயதுப் பிள்ளைகளைச் சிறப்புப் பள்ளிகளுக்கும் மாற்றுத்திறனாளிகள் இல்லங்களுக்கும் தன்னார்வலர்களாக அனுப்பிப் பாருங்கள் என்று முன்பு ஒரு இதழில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு இவ்வளவு கடிதம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. பாராட்டு, சந்தேகம், கோபம் எல்லாம் கலந்து வந்திருக்கிறது. இந்த முறை முழுக்க அதற்கே.

கேள்வி: என் மகன் பிளஸ் ஒன் படிக்கிறான். பள்ளி என்.எஸ்.எஸ். மூலமாக வாரம் ஒரு நாள் அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைகளின் பள்ளிக்குப் போய் வருகிறான். போன வருஷம் வரைக்கும் எங்கள் தெருவில் இருக்கிற ஒரு பையனின் நடையை நடந்து காட்டிக் கிண்டல் செய்தவன், இப்போது வீட்டில் யாராவது 'லூசு' என்றாலே சண்டைக்கு வருகிறான். இது நிலைக்குமா, நாலு நாள் வேகமா? படிப்பு கெடுமோ என்றும் பயமாக இருக்கிறது.
– ஒரு தாய், நாமக்கல்

பதில்: நிலைக்கவும் செய்யும், நாலு நாளில் வடிந்துபோகவும் செய்யும், இரண்டையும் நான் பார்த்திருக்கிறேன். எது நடக்கும் என்பது உங்கள் பையனின் மனசு நல்லதா கெட்டதா என்பதில் இல்லை, அங்கே போய் அவன் என்ன செய்கிறான் என்பதில் இருக்கிறது. பிஸ்கெட் கொடுத்து, ஒரு பாட்டுப் பாடி, தலையைத் தடவிவிட்டு வந்தால் அவனுக்கு மிஞ்சுவது இரக்கம். இரக்கத்துக்கு ஆயுசு கம்மி. அதே பள்ளியின் தொழிற்பயிற்சிப் பிரிவில் ஒரு பையனோடு உட்கார்ந்து மருந்துக்கடைக் காகித உறை ஒட்டிப் பார்க்கட்டும். நம்ம ஆள் மடிப்பு கோணலாகிப் பிரித்து மறுபடி ஒட்டிக்கொண்டிருக்க, பக்கத்தில் இருப்பவன் ஒரு கட்டு முடித்துவிட்டு அடுத்த கட்டுக்குப் பசையைக் கலக்க ஆரம்பித்திருப்பான். அப்போது வருவது இரக்கம் இல்லை.

இது நானாகச் சொல்வது இல்லை. கார்டன் ஆல்போர்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1954-லேயே சொன்னதுதான். அவர் முக்கியமாகப் பேசியது இன வெறுப்பைப் பற்றி, ஆனால் விஷயம் இங்கேயும் பொருந்தும். ஒதுங்கியே வாழ்ந்த இரண்டு தரப்பை ஒரே அறையில் கொண்டுவந்து உட்கார வைத்தால் மட்டும் ஒன்றும் நடக்காது. அந்த நேரத்துக்காவது இரண்டு பேரும் சம அந்தஸ்தில் இருக்கணும், இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு வேலை இருக்கணும், அதைப் போட்டி போடாமல் சேர்ந்து முடிக்கணும், ஆசிரியர், அப்பா அம்மா என்று மேலே இருப்பவர்கள் அதற்கு ஆதரவாக நிற்கணும் என்றார். 2006-ல் பெட்டிக்ரூ, ட்ராப் என்ற இருவர் 515 ஆய்வுகளைச் சேர்த்து வைத்துப் பார்த்தார்கள். பழக்கம் பெரும்பாலும் வெறுப்பைக் குறைக்கிறது, மேலே சொன்ன நிபந்தனைகளும் இருந்தால் இன்னும் நன்றாகவே குறைக்கிறது என்று தெரிந்தது. மாற்றுத்திறனாளிகள் பற்றிய ஆய்வுகளும் அந்தக் கணக்கில் உண்டு.

பதின்வயதுப் பிள்ளைகளை வைத்தே இதைச் செய்து காட்டிய ஒரு கதையும் இருக்கிறது. அமெரிக்க ஜனாதிபதி ஜான் கென்னடியின் தங்கை யூனிஸ் கென்னடி ஷ்ரைவர். அவருடைய அக்கா ரோஸ்மேரிக்கு அறிவுசார் குறைபாடு. பணமும் அதிகாரமும் கொட்டிக் கிடந்த அந்தக் குடும்பமே அந்தப் பெண்ணை ஊர் கண்ணில் படாமல்தான் பல வருஷம் வைத்திருந்தது. 1962-ல் யூனிஸ் மேரிலாந்தில் தன் வீட்டுத் தோட்டத்திலேயே இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு ஒரு கோடை முகாம் தொடங்கினார். துணைக்கு டாக்டர், நர்ஸ் என்று கூப்பிடாமல் பள்ளி, கல்லூரி மாணவர்களைக் கூப்பிட்டார். ஒரு பிள்ளைக்கு ஒருவர் என்று ஜோடி போட்டு நீச்சல், பந்து, குதிரையேற்றம் எல்லாம் நடந்தது. அந்தத் தோட்டத்தில் ஆரம்பித்ததுதான் 1968-ல் சிகாகோவில் முதல் ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் போட்டியாக வளர்ந்தது. அதற்கப்புறம் 1989-ல் அவர்களே இன்னொரு படி போனார்கள். குறைபாடுள்ளவர்கள் ஆட, மற்றவர்கள் கைதட்டுவதோடு நிற்காமல், இரண்டு பேரும் ஒரே அணியில் ஆடும் முறையைக் கொண்டுவந்தார்கள். பாஸ் கொடுத்தால்தான் கோல் விழும் என்கிற நிலைமையில் யார் யாருக்கு உதவுகிறார்கள் என்ற பேச்சே எழாது.

சரி, படிப்பு. வாரத்துக்கு ரெண்டு மணி நேரத்தில் எந்தப் படிப்பும் கெடாது, அதைவிட அதிகமாக ரீல்ஸில் போகிறது. பொதுத்தேர்வு மாதங்களில் நிறுத்திக்கொள்ளட்டும், தப்பில்லை. ஆனால் சொல்லாமல் நின்றுவிடக் கூடாது. வாரா வாரம் வந்துகொண்டிருந்த அண்ணன் திடீரென்று வராமல் போனால் வாசலைப் பார்த்துக்கொண்டே இருக்கிற பிள்ளைகள் அங்கே உண்டு. எந்தத் தேதி வரை வருவான், மறுபடி எப்போது வருவான் என்று காலண்டரில் காட்டிச் சொல்லிவிட்டு நிற்கச் சொல்லுங்கள்.

கேள்வி: அக்கா, இதை யாரிடமும் கேட்க முடியவில்லை. எங்கள் பள்ளியிலிருந்து மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைகளின் பள்ளிக்குக் கூட்டிப்போனார்கள். ஒரு பையனுக்கு வாயிலிருந்து எச்சில் வடிந்துகொண்டே இருந்தது. எனக்கு அருவருப்பாக இருந்தது, பக்கத்தில் உட்காரவே முடியவில்லை. நண்பர்கள் எல்லாம் சகஜமாக இருந்த மாதிரி தெரிந்தது. நான் கெட்டவனா?
– 16 வயது, திருப்பூர்

பதில்: இல்லை தம்பி. உன் நண்பர்களில் பாதிப்பேர் உன்னைப் போலத்தான் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள், வெளியே சொல்லியிருக்க மாட்டார்கள்.

முதலில் அது ஏன் வடிகிறது என்று தெரிந்துகொள். அவனுக்கு எச்சில் அதிகமாக ஊறுகிறது என்பதில்லை. நீயும் நானும் நாள் முழுக்க நம்மை அறியாமல் எச்சிலை விழுங்கிக்கொண்டே இருக்கிறோம். அதற்கு உதடு, நாக்கு, தொண்டை மூன்றும் ஒத்துழைக்கணும். மூளை முடக்குவாதத்தில் அந்தத் தசைகளை நினைத்தபடி இயக்குவது கஷ்டம், அவ்வளவுதான். மற்றபடி அது உன் எச்சில் மாதிரியேதான், பக்கத்தில் உட்காருவதால் உனக்கு எதுவும் ஒட்டிக்கொள்ளாது. பெரும்பாலும் அந்தப் பிள்ளையின் தோளிலோ நாற்காலிக் கைப்பிடியிலோ ஒரு துண்டு இருக்கும். 'துடைச்சு விடட்டுமா?' என்று கேட்டுவிட்டுத் துடை, இல்லையென்றால் துண்டை அவன் கைக்கு எட்டும்படி நகர்த்தி வை. அது போதும்.

ஒரு விஷயம் கண்டிப்பாகச் சொல்கிறேன். ஆர்வக்கோளாறில் சோறு ஊட்டப் போகாதே. அவர்களில் நிறைய பேருக்கு விழுங்குவதே சிரமம். தலை பின்னால் சாய்ந்த நிலையில் ஊட்டினால் புரையேறும், உணவு மூச்சுக்குழாய்க்குள் போய் ஆபத்தாகிவிடும். அது பழகினவர்கள் செய்ய வேண்டிய வேலை.

எனக்குத் தெரிந்த ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன். அவனால் பேச முடியாது, சக்கர நாற்காலியில் மடிமீது ஒரு பலகை இருக்கும். தமிழில் 247 எழுத்தையும் அதில் எழுத இடம் ஏது, அதனால் மெய்யெழுத்து ஒரு பக்கம், உயிர் ஒரு பக்கம். ஒன்றைத் தொட்டு அப்புறம் இன்னொன்றைத் தொட்டால் ஒரு எழுத்து. விரல் நடுங்கும், தவறி அடுத்த கட்டத்தில் விழும், மறுபடி எடுத்து வைப்பான். பள்ளிப் பிள்ளைகள் ஒரு கூட்டமாக வந்து அவனைச் சுற்றி நின்றிருந்த ஒரு நாள், அவன் ஒவ்வொரு எழுத்தாகத் தொட ஆரம்பித்தான். எல்லாரும் பயபக்தியோடு காத்திருந்தார்கள், ஏதோ பெரிய தத்துவம் வரப்போகிறது என்று. முடித்துப் பார்த்தால், 'உன் ஜிப் திறந்திருக்கு' என்று வந்தது. அந்த மாணவன் வெட்கத்தில் திரும்பி நின்றான், மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள், பலகைக்காரன் எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தான். அவனுக்கும் எச்சில் வடியும். அன்றைக்கு அதை யாரும் கவனித்த மாதிரித் தெரியவில்லை.

இன்னும் ரெண்டு மூன்று முறை போய்ப் பார். அப்புறமும் முடியவில்லையா, வேறு வேலை கேள், தட்டச்சு, தோட்டம், விளையாட்டுச் சாமான் பழுதுபார்ப்பது என்று எவ்வளவோ இருக்கிறது.

கேள்வி: டிசம்பர் 3 மாற்றுத்திறனாளிகள் தினத்தன்று எங்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கண்ணைக் கட்டி நடக்கவிடுவது, ஒரு கையைக் கட்டிவிட்டுச் சாப்பிட வைப்பது என்று ஒரு நிகழ்ச்சி யோசித்திருக்கிறோம். அவர்கள் கஷ்டத்தைப் பிள்ளைகள் உணர்வார்கள் அல்லவா?
– உயர்நிலைப்பள்ளி ஆசிரியர், விழுப்புரம்

பதில்: உங்கள் அக்கறை புரிகிறது சார், ஆனால் இதை விட்டுவிடுங்கள். பிள்ளைகள் உணர்வது அவர்கள் கஷ்டத்தை இல்லை. திடீரென்று கண்ணைக் கட்டினால் நமக்கு வரும் பயத்தைத்தான். பார்வையற்ற ஒருவர் பல வருஷம் பழகி, கோலைத் தட்டி, சத்தத்தைக் கேட்டு, எத்தனை படி என்று மனசில் வைத்து நடக்கிறார். கண்ணைக் கட்டிய பையனுக்கு அதில் எதுவும் தெரியாது. அரை மணி நேரம் தடுமாறிவிட்டு, 'ஐயோ, இவங்களால எதுவுமே முடியாது போல' என்ற முடிவோடு கட்டை அவிழ்ப்பான். ஏரியல் சில்வர்மேன் என்ற அமெரிக்க உளவியலாளரும் (அவரே பார்வையற்றவர்) அவருடைய சகாக்களும் இதைச் சோதித்தே பார்த்தார்கள். கண்ணைக் கட்டிப் பழகிப் பார்த்தவர்கள், பார்வையற்றவர்களால் தனியாக வாழவும் வேலை பார்க்கவும் முடியும் என்பதை மற்றவர்களைவிடக் குறைவாகவே நம்பினார்கள். நாம் நினைத்ததற்கு நேர் எதிர்.

அந்த நிகழ்ச்சிக்கு ஆகும் பணத்தில் பார்வையற்றோருக்கான சதுரங்கப் பலகை ரெண்டு வாங்குங்கள். கறுப்புக் கட்டங்கள் கொஞ்சம் மேடாக இருக்கும், காய்கள் உருண்டுவிடாமல் இருக்க ஒவ்வொரு கட்டத்திலும் ஓட்டை, காயின் அடியில் குச்சி. கறுப்புக் காயின் தலையில் சின்ன முள் இருக்கும், தடவினால் நம்முடையதா எதிராளியுடையதா என்று தெரிந்துவிடும். பக்கத்து ஊர்ப் பார்வையற்றோர் பள்ளிப் பிள்ளைகளை வரவழைத்து உங்கள் பள்ளி அணியோடு ஆடவிடுங்கள். உங்கள் பிள்ளைகள் தோற்கக்கூடும், தோற்றால் இன்னும் நல்லது. டிசம்பர் 3-ஐ மட்டும் பிடித்துக்கொண்டு தொங்காதீர்கள், அன்றைக்கு அந்தப் பள்ளிகளுக்கு வருகிற கூட்டத்துக்கு அவர்களால் பதில் சொல்லி மாளாது. ஜூலையில் வையுங்கள்.

கேள்வி: நான் பிளஸ் டூ. சக்கர நாற்காலியில்தான் பள்ளிக்கு வருகிறேன். உங்கள் கட்டுரையைப் படித்ததும் எரிச்சல்தான் வந்தது. 'சேவை' செய்ய வருகிறவர்கள் என்னைக் கேட்காமலே நாற்காலியைத் தள்ளுகிறார்கள், கண் கலங்குகிறார்கள், 'நீ எவ்ளோ தைரியசாலி' என்று சொல்லி செல்ஃபி எடுக்கிறார்கள். நான் கணக்கு டியூஷனுக்குத்தான் போய்க்கொண்டிருந்தேன். எங்களை வைத்து நல்லவர்களாக ஆகிறவர்களை எப்படிச் சமாளிப்பது?
– மதுரை

பதில்: வந்த கடிதங்களில் எனக்கு ரொம்பப் பிடித்தது உங்களுடையதுதான். கணக்கு டியூஷனுக்குப் போவதில் என்ன தைரியம் இருக்கிறது என்று கேட்கிறீர்கள், எனக்கென்னவோ கணக்கு டியூஷன் என்றாலே தைரியம்தான், அது வேற விஷயம்.

ஆஸ்திரேலியாவில் ஸ்டெல்லா யங் என்று ஒரு பத்திரிகையாளர், நகைச்சுவைக் கலைஞர் இருந்தார். 2014-ல் இறந்துபோனார். அவரும் சக்கர நாற்காலிக்காரர். அவருக்குப் பதினைந்து வயது இருக்கும்போது ஊர்க்காரர் ஒருவர் வீட்டுக்கு வந்து, உங்கள் பெண்ணுக்குச் சாதனையாளர் விருதுக்குப் பரிந்துரைக்கப் போகிறோம் என்றாராம். அவருடைய அப்பா அம்மா, 'சந்தோஷம்தான், ஆனா அவ எதுவும் சாதிக்கலையே' என்றார்களாம். பள்ளிக்குப் போகிறாள், வேலை பார்க்கிறாள், டிவி பார்க்கிறாள், இதற்கு எதற்கு விருது? மாற்றுத்திறனாளிகளைக் காட்டி மற்றவர்களுக்கு உற்சாகம் ஏற்றும் இந்தப் பழக்கத்தைக் கடைசி வரைக்கும் அவர் கிழித்துத் தொங்கவிட்டார்.

எப்படிச் சமாளிப்பது என்று கேட்டீர்கள். நாற்காலியில் கைவைத்தால் பிரேக்கைப் போட்டுவிடுங்கள். நான் நிஜமாகத்தான் சொல்கிறேன். வண்டி நகராது, அவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள், அப்போது 'வேணும்னா நானே சொல்றேன்' என்று சிரித்துக்கொண்டே சொல்லலாம். செல்ஃபிக்கு, 'வேண்டாம்' என்ற ஒரு சொல் போதும், காரணம் சொல்லத் தேவையில்லை.

இன்னொன்று, உங்களுக்கு விருப்பம் இருந்தால் மட்டும். நீங்களும் தன்னார்வலராகப் போங்கள். தென்காசி பக்கத்தில் ஆய்க்குடியில் மாற்றுத்திறனாளிகளுக்காக இயங்கும் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணன் 1975-ல் கடற்படை அதிகாரி தேர்வின்போது கழுத்தில் அடிபட்டு, கழுத்துக்குக் கீழே அசைவில்லாமல் போனவர். 1981-ல் ஊரில் ஒரு சின்னப் பள்ளியாக ஆரம்பித்தார். உதவி வாங்கிக்கொள்ளும் இடத்தில்தான் இவர் இருப்பார் என்று ஊரே நினைத்திருக்கும். அவர் நேர் எதிரில் போய் உட்கார்ந்தார். உங்கள் பள்ளியில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நீங்கள் கணக்கு சொல்லிக்கொடுத்தால், சக்கர நாற்காலியை முதல் நாள் பார்ப்பார்கள். அப்புறம் வீட்டுப்பாடம் செய்யாதவர்கள் உங்களைக் கண்டு ஓடத் தொடங்குவார்கள்.

கேள்வி: பார்வையற்றவர்களிடம் 'படம் பார்த்தீங்களா?' என்று கேட்கலாமா?
– கும்பகோணம்

பதில்: தாராளமாக. 'நேத்து மேட்ச் பார்த்தேன்' என்று அவர்களே சொல்வார்கள்.

கேள்வி: என் மகள் சான்றிதழுக்காகத்தான் போகிறாள் என்று நினைக்கிறேன். வெளிநாட்டுக் கல்லூரி விண்ணப்பத்துக்கு வேண்டுமாம். தப்பில்லையா?
– சென்னை

பதில்: எதற்காகப் போகிறாள் என்பது போகிற அன்றைக்குத்தான் முக்கியம். தொடர்ந்து போய் வேலை செய்தால் காரணம் தானாக மாறிவிடும், மாறாவிட்டாலும் வேலை நடந்திருக்கும். ஒரே நாளில் போய் ஒரு வருஷத்துக்குக் கையெழுத்து கேட்டால் மட்டும் காதைத் திருகுங்கள்.

படம் எடுத்துப் போடுவது பற்றியும் நாலைந்து பேர் கேட்டிருக்கிறீர்கள், சேர்த்தே சொல்லிவிடுகிறேன். வளர்ந்தவர் என்றால் அவரையே கேளுங்கள், பிள்ளை என்றால் பிள்ளையையும் பெற்றவர்களையும் கேளுங்கள். இல்லத்தில் பாதுகாப்புக்காகச் சேர்க்கப்பட்ட பிள்ளைகள் என்றால் கேட்கிற பேச்சுக்கே இடமில்லை, அவர்களின் முகமோ பெயரோ வெளியே வரக் கூடாது என்று 2015 சிறார் நீதிச் சட்டத்தின் 74-வது பிரிவு சொல்கிறது.

கேள்வி: பார்வையற்ற கல்லூரி மாணவி ஒருவருக்குத் தேர்வு எழுதிக்கொடுக்க ஆள் தேடுகிறார்கள். என் மகள் பிளஸ் டூ முடித்துவிட்டுக் கல்லூரி திறக்கக் காத்திருக்கிறாள், போக ஆசைப்படுகிறாள். என்ன தெரிந்திருக்க வேண்டும்?
– தஞ்சாவூர்

பதில்: கண்டிப்பாக அனுப்புங்கள். பிளஸ் டூ பொதுத்தேர்வுக்குத் தேர்வுத்துறையே ஆசிரியர்களைப் போட்டுவிடும். கல்லூரித் தேர்வுக்கும் வேலைக்கான தேர்வுகளுக்கும்தான் ஆள் கிடைக்காமல் கடைசி நாள் வரைக்கும் அலைகிறார்கள். தேர்வு எழுதுபவர் தானே ஆளைக் கூட்டிவந்தால் அந்த ஆளின் படிப்பு இவருடையதைவிட ஒரு படி கீழே இருக்கணும் என்று மத்திய அரசின் 2018 வழிகாட்டுதல் சொன்னது; 2025-ல் அது மாறிவிட்டது, அதனால் இப்போதைய விதியைக் கல்லூரியில் கேட்டுக்கொள்ளுங்கள். பட்டப்படிப்புத் தேர்வுகளுக்கு உங்கள் மகள் வயசுப் பிள்ளைகளுக்குக் கிராக்கி வந்தது அப்படித்தான். ஒரு மணி நேரத்துக்கு 20 நிமிஷம் கூடுதல் நேரம் உண்டு. மூன்று மணி நேரத் தேர்வு என்றால் நாலு மணி நேரம் உட்காரணும், காலையில் நன்றாகச் சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல்லுங்கள்.

உள்ளே நடக்க வேண்டியது இது. முதலில் கேள்வித்தாளை முழுசாக ஒருமுறை வாசித்துக் காட்டணும், எத்தனை பகுதி, எத்தனை மதிப்பெண், எதில் எது விருப்பத்தேர்வு என்பதோடு. ஏற்ற இறக்கமில்லாமல் வாசிக்கணும், சரியான விடைக்கு வரும்போது குரல் மாறக் கூடாது. சொல்கிற விடை தப்பு என்று தெரிந்தாலும் சொன்னதைத்தான் எழுதணும். 'ஹூம்' என்று ஒரு பெருமூச்சுகூட விடக் கூடாது, அதுவே எதிரில் இருப்பவருக்கு ஒரு குறிப்பு. பெயர்களை எழுத்துக்கூட்டிக் கேட்டுக்கொள்ளணும். பத்தி முடிந்ததும் வாசித்துக் காட்டணும். இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று அவர் கேட்டபோதெல்லாம் சொல்லணும். தேர்வுக்கு முன்னால் ஒரு நாள் இரண்டு பேரும் உட்கார்ந்து பழைய கேள்வித்தாள் ஒன்றை எழுதிப் பார்த்தால் பாதிப் பதற்றம் போய்விடும்.

இந்த வேலையில் எனக்குப் பிடித்ததே, அதிகாரம் யார் கையில் இருக்கிறது என்பதுதான். நாலு மணி நேரம் பார்வையற்ற மாணவி சொல்வார், பார்வையுள்ள பெண் எழுதுவாள். 'இல்ல, அதை அடிச்சிடு, புதுப் பத்தியா ஆரம்பி' என்று உத்தரவு வரும். தலையைத் தடவிக்கொடுக்க அங்கே நேரமே கிடையாது.

தேர்வு இல்லாத நாட்களுக்கும் வேலை இருக்கிறது. பார்வையற்றவர்கள் பாடப்புத்தகத்தைச் செல்போனும் கணினியும் வாசித்துக் காட்டக் கேட்கிறார்கள். ஆனால் பாமினி, வானவில் மாதிரியான பழைய எழுத்துருவில் அடித்த தமிழ்க் கோப்பைத் திறந்தால் திரைவாசிப்பான் (அப்படி வாசித்துக் காட்டும் மென்பொருள்) ஆங்கில எழுத்துகளாக என்னென்னவோ உளறும். எல்லாக் கருவியும் தமிழாகவே புரிந்துகொள்ளும் யூனிகோடு எழுத்துக்கு மாற்றித் தரணும். ஸ்கேன் செய்த பழைய புத்தகத்தை மென்பொருள் எழுத்தாக மாற்றும்போது 'ர' துணைக்கால் ஆகும், 'ன' 'ண' ஆகும், அதை வரிவரியாகத் திருத்தணும். உங்கள் மகள் வீட்டில் உட்கார்ந்தே செய்யலாம். அந்த மாணவி போனில் கேட்கும் வேகத்தை மட்டும் ஒருமுறை பக்கத்திலிருந்து கேட்கச் சொல்லுங்கள். பழகின காதுக்காரர்கள் வைக்கும் வேகத்தில் நமக்கு ஒரு சொல்கூடப் பிடிபடாது.

கேள்வி: என் மகனுக்கு 14 வயது, ஆட்டிசம். அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறோம். அங்கே இருக்கும் ரெண்டு பிளஸ் ஒன் பையன்கள், 'அங்கிள், அவனை நாங்க விளையாடக் கூட்டிட்டுப் போறோம்' என்கிறார்கள். மனைவிக்குப் பயம். லிஃப்டில் இவனைப் பார்த்தாலே அடுத்த லிஃப்டுக்குக் காத்திருக்கிறவர்கள் உள்ள இடம் இது. விடலாமா?
– கோயம்புத்தூர்

பதில்: விடுங்கள். முதல் சில நாள் நீங்கள் கண்ணில் படுகிற தூரத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்துகொள்ளுங்கள். அந்தப் பையன்களே வந்து கேட்டிருக்கிறார்கள், இது லேசில் அமையாது.

அவர்களை உட்காரவைத்து ஒரு கால்மணி நேரம் பேசுங்கள். ஆட்டிசம் என்றால் என்ன என்று பாடம் எடுக்காதீர்கள், உங்கள் மகனைப் பற்றிச் சொல்லுங்கள். எந்தச் சத்தம் அவனுக்கு ஆகாது, காதைப் பொத்திக்கொண்டால் என்ன அர்த்தம், எதைப் பார்த்தால் ஓடுவான். ஒரு நேரத்தில் ஒரு விஷயம் மட்டும் சொல்லணும், சொல்லிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கணும், கண்ணைப் பார்த்துப் பேசு என்று கட்டாயப்படுத்தக் கூடாது, விளையாட்டை நிறுத்தும் முன் 'இன்னும் அஞ்சு நிமிஷம்' என்று சொல்லிவிடணும், கத்தி அழ ஆரம்பித்தால் சுற்றி நின்று சமாதானப்படுத்தாமல் சத்தமில்லாத இடத்துக்கு நகர்த்திவிட்டுச் சும்மா கூட இருக்கணும். அதோடு அவனுக்கு என்ன நன்றாக வரும் என்பதையும் சொல்லுங்கள், இதைத்தான் நாம் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். உங்கள் கடிதத்தின் கடைசியில் அவனுக்கு ஊரிலுள்ள பேருந்துத் தட எண் அத்தனையும் மனப்பாடம் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இரண்டு பேரும் இனிமேல் எங்கே போகணும் என்றாலும் அவனைத்தான் கேட்பார்கள்.

விளையாட்டில் அவனுக்கு உண்மையான வேலை கொடுக்கச் சொல்லுங்கள். சும்மா பந்து பொறுக்குகிற வேலை வேண்டாம். எண் பிடிக்கும் பையன் என்றால் கிரிக்கெட்டில் ஸ்கோர் எழுதட்டும். ஒரு பந்துகூட விட்டுப்போகாது. 'அவுட் இல்ல' என்று யாராவது சண்டை போட்டால் அந்த நோட்டுதான் தீர்ப்பு.

லிஃப்டுக்காரர்களைப் பற்றி. நீங்களும் உங்கள் மனைவியும் பத்து வருஷம் விளக்கம் சொன்னாலும் மாறாதவர்கள், அந்த இரண்டு பையன்கள் உங்கள் மகன் தோளில் கைபோட்டுக்கொண்டு லிஃப்டில் ஏறுவதைப் பார்த்தால் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வருவார்கள். முக்கியமாக அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் வருவார்கள். அந்த வயசில் அப்பா அம்மா சொல்வதைவிடக் கூட்டாளி செய்வதுதான் எடுபடும், வேறு விஷயங்களில் நாம் புலம்புகிற அதே குணம்தான்.

ஒரே எச்சரிக்கை, பையன்கள் நல்லவர்கள் என்று தெரிந்ததும் நீங்கள் இரண்டு பேரும் அவர்களிடம் மகனை விட்டுவிட்டுக் கல்யாணத்துக்குக் கிளம்பிவிடக் கூடாது. அவர்கள் நண்பர்கள், சம்பளமில்லாத ஆயா இல்லை.

கேள்வி: பேத்தி இப்படிப்பட்ட இடங்களுக்குப் போவது எனக்குச் சரியாகப் படவில்லை. முற்பிறவியில் செய்த பாவம்தான் இப்படிப் பிறக்க வைக்கிறது என்பார்கள். அதில் போய் நாம் ஏன் தலையிடணும்?
– ஒரு பாட்டி, திருநெல்வேலி

பதில்: பாட்டி, உங்கள் சின்ன வயசில் தெருவுக்கு ஒரு பிள்ளையாவது இளம்பிள்ளைவாதத்தில் கால் சூம்பிப்போய் இருந்திருக்கும். இன்றைக்குப் பேத்தியின் வகுப்பில் அப்படி ஒரு பிள்ளையைக் காட்டுங்கள் பார்ப்போம். நம் நாட்டில் கடைசிப் போலியோ பாதிப்பு 2011 ஜனவரியில், 2014-ல் போலியோ ஒழிந்துவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் சான்றே கொடுத்துவிட்டது. முற்பிறவியில் எல்லாரும் திடீரென்று பாவம் செய்வதை நிறுத்திவிட்டார்களா, இல்லை, சொட்டு மருந்து வந்ததா? பேத்தி போகட்டும். முடிந்தால் நீங்களும் ஒருநாள் கூடப் போங்கள், அந்தப் பிள்ளைகளுக்குக் கதை சொல்ல ஆள் வேணும்.

கேள்வி: எங்கள் ஊர் சின்ன ஊர், சிறப்புப் பள்ளியோ இல்லமோ பக்கத்தில் எதுவும் இல்லை. எங்கள் நண்பர்கள் குழு ஆறு பேர், பத்தாம் வகுப்பு முடித்திருக்கிறோம். எங்கே தொடங்குவது?
– தர்மபுரி மாவட்டம்

பதில்: இல்லம் இல்லாமல் இருப்பது ஒருவகையில் நல்லதுதான், அப்படியென்றால் அந்தப் பிள்ளைகள் உங்கள் ஊரிலேயே, அவரவர் வீட்டில் இருக்கிறார்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியல் போட்டிருக்கிறது. அதில் ஏதாவது ஒன்று உள்ள பிள்ளை இல்லாத ஊர் இருப்பது அபூர்வம். வெளியே தெரிவதில்லை, அவ்வளவுதான்.

உங்கள் ஒன்றியத்தின் வட்டார வள மையத்துக்குப் போங்கள். அங்கே சிறப்பாசிரியர்கள் இருப்பார்கள். பள்ளிக்கு வர முடியாத பிள்ளைகளின் வீட்டுக்கே போய்ச் சொல்லிக்கொடுப்பதும் அவர்கள் வேலைதான். எந்த வீட்டுக்கு நீங்கள் போனால் அந்தப் பெற்றோருக்குச் சம்மதம் என்று அந்தச் சிறப்பாசிரியர்கள் மூலமாகவே கேட்டு வாங்குங்கள், நேராகப் போய்க் கதவைத் தட்டாதீர்கள். ஆறு பேரும் மொத்தமாகப் போக வேண்டாம், ரெண்டு ரெண்டு பேராகப் போங்கள், போகிறவர்களே தொடர்ந்து போங்கள். கையில் தின்பண்டத்துக்குப் பதிலாகக் கேரம் பலகையோ, பல்லாங்குழியோ, உங்களிடம் என்ன இருக்கிறதோ அது. காயை விரலால் சுண்ட முடியாத பிள்ளை ஒரு சின்னக் குச்சியால் தள்ளட்டும், ஆட்டத்தில் அதற்கு விதி வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் விட்டுக்கொடுத்துத் தோற்காதீர்கள், கண்டுபிடித்துவிடுவார்கள்.

முதல் நாள் அந்தப் பிள்ளை உங்களோடு பேசாமல் அம்மா பின்னால் ஒளிந்துகொள்ளலாம், வருஷக்கணக்காக வீட்டுக்கு ஆள் வந்திராத பிள்ளைகள் அப்படித்தான். திண்ணையில் உட்கார்ந்து நீங்கள் ரெண்டு பேரும் ஆடிக்கொண்டிருங்கள், தானாக வரும். போவதற்கு முந்தின நாள் போன் போட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள், சில பிள்ளைகளுக்குப் பிசியோதெரபி இருக்கும், அது முடிந்த கையோடு போனால் களைத்துப்போய்த் தூங்கிக்கொண்டிருப்பார்கள்.